46 பிள்ளைகள், 4 அக்காமார்: மாலை வகுப்பில் எது தரம்?

கேள்வி: சாயல்குடி பக்கம் ஒரு கடலோரக் கிராமம் எங்களுடையது. பி.எஸ்சி. முடித்துவிட்டு இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்தேன். பிறகு ஊரார் ஒத்துழைப்போடு நானே மாலை வகுப்பு தொடங்கி இரண்டு வருடமாகிறது. புயல் பாதுகாப்பு மையத்தின் கூடத்தில் சாயங்காலம் 5 மணி முதல் 7.30 வரை நடத்துகிறோம். 1-ஆம் வகுப்பு முதல் 8-ஆம் வகுப்பு வரை 46 பிள்ளைகள். கல்லூரிக்குப் போகும் மூன்று பெண்கள் எனக்கு உதவுகிறார்கள். கட்டணம் வாங்குவதில்லை. பெற்றோர், "வீட்டுப்பாடத்தை முடிச்சு அனுப்பிருமா, அது போதும்" என்கிறார்கள். ஏழு, எட்டாம் வகுப்புப் பையன்கள் ஒவ்வொருவராக நின்றுவிடுகிறார்கள். மாசி பிறந்தால் பனங்காட்டுக்குப் போகும் குடும்பத்துப் பிள்ளைகளை மாதக்கணக்கில் காணோம். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் பத்து டேப் வாங்கித் தருகிறேன் என்கிறார். இன்னொரு டியூஷனாக இல்லாமல், தரமான வகுப்பாக இதை ஆக்க வேண்டும் என்று ஆசை. எங்கிருந்து தொடங்குவது?
— ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது, "ஒவ்வொருவராக நின்றுவிடுகிறார்கள்" என்ற வரியைத்தான். எந்தப் பையன் எந்த வாரம் நின்றான், கடைசியாக வந்த அன்று என்ன செய்துகொண்டிருந்தான், யார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான் என்று உங்களால் சொல்ல முடியுமா? முடியும் என்றால் உங்கள் வகுப்பு ஏற்கெனவே நல்ல வகுப்பு. முடியாது என்றால் அங்கிருந்து தொடங்குங்கள். ஒரு பிள்ளை வரவில்லை என்றால், அது அன்றைக்கே உங்களில் ஒருவருக்கு உறைக்க வேண்டும். இருபது வருடமாக மாலை வகுப்புகளைப் போய்ப் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது இதைத்தான்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவன் ஒரு பையன். மண்டபம் பக்கம் நான் முதன்முதலில் நடத்திய வகுப்பில் அறுபது பேர் இருந்தார்கள். கூட்டம் சேர்ந்ததே பெருமையாக இருந்தது. ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கடைசி வரிசையில் உட்கார்ந்து, சத்தம் போடாமல், முத்து முத்தாக எழுதிக்கொண்டே இருப்பான். நானும் தாண்டிப் போகும்போது "நன்று" என்று போட்டுவிட்டுப் போவேன். ஒரு நாள் அவனுடைய நோட்டு மட்டும் என் மேசையில் கிடந்தது. விசாரித்தால், பத்து நாளாகவே அவன் வரவில்லை, மீன் கம்பெனியில் ஐஸ் உடைக்கப் போய்விட்டான் என்றார்கள். நோட்டைப் புரட்டினேன். ஒரு பத்தியின் நடுவில், ஒரு வாக்கியம் பாதியில் நிற்க, 34 என்று எழுதி, அதற்கு மேல் மீதி வாக்கியம் தொடர்ந்தது. புத்தகத்தை எடுத்துப் பார்த்தால், அது அந்தப் பக்கத்தின் எண். எது எழுத்து, எது பக்க எண் என்று தெரியாமல் கண்ணில் பட்டதையெல்லாம் வரைந்து வைத்திருக்கிறான். அதற்குக் கீழே சிவப்பு மையில் என் "நன்று". ஆறு மாதம் என் கண் முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு ஓர் எழுத்தும் படிக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியவில்லை.

ஆகவே முதல் வேலை, பிள்ளைகளின் எண்ணிக்கையை இதோடு நிறுத்துவது. உங்களையும் சேர்த்து நான்கு பேர், 46 பிள்ளைகள், ஆளுக்குப் பதினொன்று அல்லது பன்னிரண்டு. இதற்கு மேல் ஒருவராலும் ஒரு பிள்ளையைக் கண்கொண்டு பார்க்க முடியாது. 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது 20 பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர் என்று வைத்தார்கள். அந்த இருபதே எவ்வளவு பெரிய கூட்டம் என்பதை நீங்கள் அனுபவத்தில் பார்த்திருப்பீர்கள். ஐந்தாவதாக ஓர் ஆள் கிடைக்கும்வரை புதிதாக யாரையும் சேர்க்காதீர்கள். ஊரில் கோபித்துக்கொள்வார்கள், கோபித்துக்கொள்ளட்டும். அப்துல் கலாமுக்கு ராமேஸ்வரத்தில் விடியற்காலையில் கணக்கு சொல்லிக்கொடுத்த ஆசிரியர் காசு வாங்காதவர். ஆனாலும் ஒரு வருடத்துக்கு ஐந்து பேரைத்தான் சேர்த்துக்கொள்வார், அதுவும் குளித்துவிட்டு வந்தால்தான் என்று கலாமே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

பன்னிரண்டு பேரும் ஒரே அக்காவிடம் இருக்க வேண்டும். இன்றைக்கு இவர், நாளைக்கு அவர் என்று மாற்றாதீர்கள். வருகைப் பதிவேடும் அந்த அக்கா கையில் இருக்கட்டும். வராத பிள்ளையின் பெயருக்கு நேரே வெறும் 'ஆ' போடாமல், ஏன் என்று ஒரு சொல் எழுதச் சொல்லுங்கள்: காய்ச்சல், தங்கச்சியைப் பார்த்துக்க, கரைவலை, கல்யாண வீடு, தெரியவில்லை. "தெரியவில்லை" என்று எழுதிய பிள்ளையின் வீட்டுக்கு மறுநாள் காலைக்குள் யாராவது போய்வர வேண்டும். இப்படி ஒரு மாதம் எழுதிப் பாருங்கள். உங்கள் ஊரில் ஒரு பிள்ளை படிப்பை விடுவது எந்த வழியாக நடக்கிறது என்று அந்தப் பதிவேடு உங்களுக்குக் காட்டிவிடும்.

அடுத்தது, ஒவ்வொரு பிள்ளைக்கும் என்ன படிக்கத் தெரியும் என்று பார்ப்பது. எத்தனையாவது வகுப்பு என்பதை மறந்துவிடுங்கள். ஒரு தாளில் சில எழுத்துகள், இன்னொன்றில் சில எளிய சொற்கள், மூன்றாவதில் நாலு வரிப் பத்தி, நான்காவதில் ஒரு சிறு கதை. பிள்ளையைத் தனியாக, மற்றவர் காதில் விழாத தூரத்தில் உட்காரவைத்துப் படிக்கச் சொல்லுங்கள். எதில் தடுமாறாமல் படிக்கிறதோ அதுதான் அதன் நிலை. பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு 2005 முதல் ஏசர் என்ற கற்றல் நிலைக் கணக்கெடுப்புக்காக நாடு முழுக்கக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்ச் செய்துவருவது இந்தச் சோதனையைத்தான். ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றால் நால்வரும் பிரித்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம். ஆனால் இரண்டு சாயங்காலம் எடுத்துக்கொள்ளுங்கள், அவசரத்தில் பிள்ளை பயந்துவிடும். ஏழாம் வகுப்புப் பிள்ளை சொல்லில் நிற்பதையும், மூன்றாம் வகுப்புப் பிள்ளை கதையைக் கடகடவென்று படிப்பதையும் பார்ப்பீர்கள். பயப்பட வேண்டாம். அந்த நிலைப்படியே நான்கு குழுவாகப் பிரித்துவிடுங்கள். ஆறு வாரத்துக்கு ஒரு முறை மறுபடி படிக்கச் சொல்லிப் பார்த்து, முன்னேறிய பிள்ளையை அடுத்த குழுவுக்கு ஏற்றுங்கள். ஏறும் பிள்ளையின் வீட்டுக்கு மட்டும் புது அக்காவும் பழைய அக்காவும் சேர்ந்து போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.

என்ன சொற்களைக் கொண்டு கற்றுக்கொடுப்பது? ஆப்பிளும் அன்னப்பறவையும் வேண்டவே வேண்டாம். உங்கள் பிள்ளைகள் வாயில் ஆயிரம் சொல் இருக்கிறது. ஒரு முறை ர, ற வேறுபாட்டைச் சொல்லிக்கொடுக்க நான் படாத பாடு பட்டேன். சின்ன ர, பெரிய ற என்று எத்தனை தடவை எழுதினாலும் மாற்றியே போட்டார்கள். கடைசியில் கரும்பலகையில் 'பாரை' என்று எழுதி மீனையும், 'பாறை' என்று எழுதிக் கல்லையும் வரைந்தேன். மீன் விற்கிற அம்மாவின் பெண் ஒருத்தி, நாலாம் வகுப்பு, எழுந்து நின்று சொன்னாள்: "டீச்சர், வலைல வந்தா சின்ன ர, வலையக் கிழிச்சா பெரிய ற." அதற்குப் பிறகு அந்த வகுப்பில் ஒரு பிள்ளையும் அந்த இரண்டு சொல்லில் தவறவில்லை. வலை, வளை, வாளை என்று அடுத்தடுத்து எழுதி, சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். ல, ள தானாக வரும். கணக்கும் அப்படியே. வள்ளத்தில் வந்த மீனை விற்று, செலவு கழித்து, மீதியைப் பங்கு பிரிப்பது இந்தப் பிள்ளைகள் தினம் பார்ப்பது. வகுத்தல் கணக்கை அங்கிருந்து தொடங்கிவிட்டு அப்புறம் நோட்டுக்கு வாருங்கள். கடல் ஆழத்தைப் பாகத்தில் சொல்லும் தாத்தா ஒருவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தால், இரண்டு கையையும் விரித்து அவர் காட்டுகிற அளவை மீட்டருக்கு மாற்றுவதிலேயே ஒரு மாலை போய்விடும்.

படிக்கக் கொடுக்கப் புத்தகம் வேண்டுமே என்பீர்கள். பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்கம் போட்ட சிறு புத்தகங்கள் இருக்கின்றன. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படி. உங்கள் ஊர் அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்திலும் தமிழ்க் கதைகளை இலவசமாக இறக்கி அச்செடுத்துக்கொள்ளலாம். தலைமையாசிரியரைப் பார்க்கப் போவதில் வேறொரு நன்மையும் உண்டு: பள்ளியில் எந்தப் பாடம் நடக்கிறது, யார் காலையிலும் வருவதில்லை என்று தெரிந்துகொள்வீர்கள்.

இனி நேரம். பள்ளி முடிந்து வரும் பிள்ளைக்கு உடனே பாடம் ஏறாது; முதல் கால் மணி நேரம் கைகால் கழுவ, தின்ன, ஓட விடுங்கள். ஆளுக்கு 30 கிராம் பயறு என்றால் 46 பேருக்கு ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவுதான். அதை யாராவது ஒரு வீட்டில் அவித்துக் கொண்டுவரட்டும். பனங்கிழங்குக் காலத்தில் கிழங்கு. கூடத்திலோ, மழைக்காலத்தில் மையத்தை நிவாரணத்துக்கு எடுத்துக்கொண்டால் நீங்கள் மாற்றிப் போகும் இடத்திலோ, அடுப்பு மூட்டவே கூடாது. கீற்றுக் கொட்டகையில் வகுப்பு வைக்கவும் கூடாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிள்ளைகளைப் பறிகொடுத்தது, சமையல் தீ கூரைக்குத் தாவியதால்தான்.

பிறகு முக்கால் மணி நேரம் வாசிப்பு, குழுக்குழுவாக. அடுத்து அரை மணி நேரம் கணக்கு. வீட்டுப்பாடத்துக்கு இருபது நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். கடைசியில் ஒரு கதையோ விளையாட்டோ. ஏழு மணிக்கு முடித்துவிடுங்கள். கார்த்திகை, மார்கழியில் ஆறு மணிக்கே இருட்டிவிடுகிறது, அந்த மாதங்களில் இன்னும் முன்பாகவே. ஓதப் போகும் பிள்ளைகள் இருந்தால் அந்த நேரத்தோடு மோதாமல் வையுங்கள், இல்லையென்றால் இரண்டு இடத்திலும் அரைகுறையாக ஆகும். 2010-இல் அமெரிக்க ஆய்வாளர் டுர்லாக்கும் அவருடன் பணியாற்றியவர்களும், பிள்ளைகளின் தன்னம்பிக்கையையும் பழகும் திறனையும் வளர்க்கப் பள்ளி நேரத்துக்குப் பின் நடக்கும் வகுப்புகளைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். படிப்படியாகச் சொல்லிக்கொடுப்பது, பிள்ளையே செய்துபார்ப்பது, அதற்கென்று நேரம் ஒதுக்குவது, இன்றைக்கு இதைக் கற்கிறோம் என்று வெளிப்படையாகச் சொல்வது, இந்த நான்கும் இருந்த இடங்களில்தான் பலன் தெரிந்தது. சும்மா கூட்டி உட்காரவைத்த இடங்களில் தெரியவில்லை. உங்கள் கூடத்துக்கும் இது பொருந்தும் என்பது என் அனுபவம்.

வீட்டுப்பாடம் போதும் என்கிற பெற்றோரைக் குறை சொல்லாதீர்கள். நோட்டு நிரம்பியிருப்பதுதான் அவர்கள் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரே அத்தாட்சி. வேறொன்றைக் காட்டுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு நாள், கரை வேலை இல்லாத பொழுதாகப் பார்த்துத் தாய்மாரை அழைத்து, ஒவ்வொரு பிள்ளையும் தன் அம்மாவுக்கு நாலு வரி படித்துக் காட்டட்டும். மேடையும் மைக்கும் வேண்டாம். பாயில் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா காதுக்கு மட்டும் கேட்டால் போதும். வரிசையில் நின்று வாங்கிய ரேஷன் அட்டையில் தன் பெயரைப் பிள்ளை படித்துக் காட்டியதும் கையைப் பிடித்துக்கொண்ட தாயை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தாய் மறுபடி வீட்டுப்பாடம் பற்றிக் கேட்கவில்லை.

நின்றுபோன பெரிய பையன்களைப் பற்றி. வேலைக்குப் போவதால் நின்றார்கள் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். பாதி உண்மை. மீதி, வெட்கம். மீசை அரும்புகிற வயதில் மூணாங்கிளாஸ் தங்கச்சி முன்னால் எழுத்துக்கூட்டிப் படிக்க எந்தப் பையனும் உட்கார மாட்டான். அவர்களுக்குத் தனி நேரம் கொடுங்கள், மற்றவர்கள் வருவதற்கு முன்னால் அல்லது போன பிறகு அரை மணி நேரம். குழந்தைப் பாட்டைக் கொடுக்காதீர்கள். "பாம்பன் துறைமுகத்தில் 1-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்" என்று பத்திரிகையில் வந்த செய்தியை வெட்டி ஒட்டிக் கொடுங்கள். அப்பா கடலுக்குப் போகலாமா கூடாதா என்பது அதில் இருக்கிறது, அவன் படிப்பான். நன்றாகப் படிக்கிற பையன்களையும் பெண்களையும் எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழித் தேர்வுக்குத் தயார் செய்யுங்கள். தேர்ச்சி பெற்றுத் தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து நான்கு வருடம், வருடத்துக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை. வீட்டில் அந்தப் பிள்ளைக்கு வருகிற மரியாதையே வேறு.

பனங்காட்டுக்குப் போகும் பிள்ளைகளின் பெயரைப் பதிவேட்டிலிருந்து அடித்துவிடாதீர்கள். பதனீர் காய்ச்ச விறகு பொறுக்கவும், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் அந்தப் பிள்ளை அங்கே தேவைப்படுகிறது. "ஏன் அனுப்பல" என்று கேட்டால் சண்டைதான் வரும். கிளம்புவதற்கு முன்பே ஒரு பை கொடுத்தனுப்புங்கள்: நாலு புத்தகம், ஒரு நோட்டு, பென்சில். வாரத்தில் ஒரு நாள் உங்களில் ஒருவர் விடிலிக்கே, அதாவது பதனீர் காய்ச்சும் குடிசைக்கே போய், அடுப்பங்கரையிலிருந்து தள்ளி ஒரு நிழலில் உட்கார்ந்து, அரை மணி நேரம் படிக்க வைத்துவிட்டுப் புத்தகத்தை மாற்றிக் கொடுத்துவிட்டு வரவேண்டும். பெரிதாக எதுவும் கற்றுக்கொடுத்துவிட முடியாது. ஆனால் ஆவணியில் திரும்பி வரும்போது அந்தப் பிள்ளை வேற்றாளாக வராது. விசைப்படகு உள்ள வீடுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் என்பதால் அப்பாமார் கரையில் இருப்பார்கள். அவர்களைக் கூப்பிட்டு, வலை பின்னுகிற முடிச்சைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கச் செய்யுங்கள்.

டேப் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கொடுக்க முன்வந்த மனதை நான் மதிக்கிறேன். ஆனால் 46 பேருக்குப் பத்து டேப் என்றால் சண்டை, சார்ஜர், உப்புக்காற்றில் பழுது, பூட்டிவைக்கும் பொறுப்பு என்று உங்கள் நேரம் அதில் போய்விடும். அந்தப் பணத்தை உங்கள் மூன்று பெண்களுக்கு மாதச் சம்பளமாகத் தரக் கேளுங்கள். பஸ் செலவுக்கும் கைச்செலவுக்கும் இல்லாமல்தான் தன்னார்வலர்கள் மூன்று மாதத்தில் போய்விடுகிறார்கள். அவர்கள் போனால் பன்னிரண்டு பிள்ளைகளின் அக்கா போய்விடுகிறாள். இல்லம் தேடிக் கல்வியிலேயே மாதம் 1,000 ரூபாய் கொடுத்தார்கள். நீங்கள் அதைவிடக் கூடுதலாகவே கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் நால்வரும் அரை மணி நேரம் உட்கார்ந்து, இந்த வாரம் யாரைப் பற்றிக் கவலை என்று மட்டும் பேசுங்கள்.

பாதுகாப்பைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. நான் எழுதியே ஆக வேண்டும். பெரியவர் ஒருவர் ஒரு பிள்ளையோடு அறைக்குள் தனியாக இருக்கக் கூடாது. கதவு திறந்தே இருக்கட்டும். யார் வந்து அழைத்துப்போவார்கள் என்று முதலிலேயே எழுதிவாங்குங்கள், வேறு யார் வந்தாலும் அனுப்பாதீர்கள். பெண்பிள்ளைகளைத் தெருத்தெருவாகச் சேர்த்து அனுப்புங்கள். யாராவது தன்னிடம் தப்பாக நடந்ததாக எந்தப் பிள்ளையாவது சொன்னால், முதலில் நம்புங்கள். ஊர்க்கூட்டத்தில் பேசி முடிக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் வருட போக்சோ சட்டப்படி, விஷயம் தெரியவந்தவர் யாராக இருந்தாலும் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைக் கூடத்துச் சுவரில், பிள்ளைகள் கண்மட்டத்தில் பெரிதாக எழுதிவையுங்கள்; அது எதற்கு என்று அவர்களுக்குச் சொல்லியும் கொடுங்கள்.

இவ்வளவையும் ஒரே மாதத்தில் செய்ய முடியாது. இந்த மாதம் பதிவேடும் வாசிப்புச் சோதனையும் போதும். ஆனால் ஒரு வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். நின்றுபோன பையன்களின் பெயரை ஒரு தாளில் எழுதி, வள்ளம் கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்து, ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய்வாருங்கள். ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள். "நீ இல்லாம உன் இடம் அப்படியே இருக்குடா" என்று சொல்லிவிட்டு, அவன் விட்டுப்போன நோட்டு இருந்தால் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். கொடுப்பதற்கு முன்னால் அதை ஒரு தடவை கடைசிவரை புரட்டிப் பார்த்துவிடுங்கள்.